குதிரையில் ஏறி வரும் ஊர்!

அந்த ஊருக்குத் தெரு கிடையாது. வீட்டு எண் கிடையாது. நிழலுக்கு ஒரு மரம் கூடக் கிடையாது. ஏப்ரல் மாதத்தில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு குடிசையும் இருக்காது. பனியும் காற்றும்தான் இருக்கும்.

ஜூன் மாதம் பிறந்ததும் பாருங்கள்! மலையைத் தாண்டிக் குதிரைகள் வரிசை வரிசையாக இறங்கி வருகின்றன. அவற்றின் பின்னால் ஆட்டு மந்தை. அதன் பின்னால் சாமான் ஏற்றிய லாரி. சில நாட்களுக்குள் ஏரிக்கரை எங்கும் வட்ட வட்டமாக வீடுகள் முளைத்து விடுகின்றன. புகை எழுகிறது. நாய் குரைக்கிறது. குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

செப்டம்பரில் மறுபடியும் எல்லாம் காலி!

ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் உயிரோடு இருக்கும் இந்த ஊர், கிர்கிஸ்தான் நாட்டில் இருக்கிறது. அந்த ஏரியின் பெயர் சோன்கோல். "கோல்" என்றால் கிர்கிஸ் மொழியில் ஏரி என்று பொருள்.

குதிரைகளுடன் ஏரிக்கரையில் முகாம் போட்டு வாழ்வது இங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. அதுதான் பிழைப்பு. அதுதான் சோறு. இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வெளிநாட்டார் வந்து இந்தக் கரையில் தங்குகிறார்கள். ஆனால் அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இந்த மக்கள் குதிரையோடு மலை ஏறப் பழகி விட்டார்கள்.

வானத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரி

கிர்கிஸ்தான் மத்திய ஆசியாவில் உள்ள சிறிய நாடு. கிழக்கே சீனா. வடக்கே கஜகஸ்தான். 1991-ம் ஆண்டு வரை சோவியத் யூனியனில் ஒரு குடியரசாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி சுதந்திரம் அறிவித்தது. நாட்டின் பெரும் பகுதி மலைதான்.

அந்த மலைகளின் நடுவே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தது போல இருக்கிறது சோன்கோல் ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் 3,016 மீட்டர் உயரம். அதாவது ஏறக்குறைய 10 ஆயிரம் அடி! நீளம் 29 கிலோ மீட்டர். அகலம் 18 கிலோ மீட்டர்.

இவ்வளவு பெரிய ஏரி எவ்வளவு ஆழம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதிகமாகப் போனால் 13 அல்லது 14 மீட்டர்தான்! பரந்த ஏரி, ஆனால் ஆழம் இல்லாத ஏரி. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இந்த விஷயம் முக்கியமாக வரப் போகிறது.

குளிர் காலத்தில் ஏரி முழுவதும் உறைந்து கெட்டியாகி விடும். ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். கோடையிலும் சட்டென்று பனி கொட்டும். ஜூலை மாதத்து இரவில் கூட நீர் உறையும் அளவுக்குக் குளிர் வருவது உண்டு.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் இந்த மக்கள் ஏறி வருகிறார்கள்?

எல்லாம் புல்லுக்காக!

பதில் ஒரே சொல். புல்!

பனி உருகியதும் ஏரியைச் சுற்றி மைல் கணக்கில் பசும்புல் முளைக்கிறது. நடுவே மஞ்சள், ஊதா, வெள்ளை என்று காட்டுப் பூக்கள். இதைக் கிர்கிஸ் மக்கள் "ஜைலூ" என்கிறார்கள். கோடை மேய்ச்சல் நிலம் என்று பொருள்.

மலை மேல் ஏறுவதால் இரண்டு லாபம். ஒன்று, ஆடு மாடு குதிரைகளுக்கு மேலே புதுப் புல் கிடைக்கிறது. இன்னொன்று, கீழே ஊரைச் சுற்றியுள்ள புல் ஓய்வு பெறுகிறது. கால்நடைகள் மேலே இருக்கும் அந்த மூன்று மாதத்தில் கீழே புல் வளர்கிறது. அதை அறுத்துக் காய வைத்துப் போர் போட்டுக் கொள்கிறார்கள். பனிக்காலத்தில் கால்நடைகளுக்கு அதுதான் தீவனம்.

ஆகவே, கோடையில் மலை ஏறாதவன் குளிர் காலத்தில் தவிப்பான். இது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

பள்ளிக்கூடம் மே மாதக் கடைசியில் மூடப்படுகிறது. உடனே குடும்பம் மூட்டை கட்டுகிறது. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, குழந்தைகள் எல்லோரும் கிளம்புகிறார்கள். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குழந்தைகள் கீழே திரும்பி விட வேண்டும். பெரியவர்கள் இன்னும் சில நாள் இருந்துவிட்டு மந்தையோடு இறங்குவார்கள்.

மலை ஏறும் மட்டக் குதிரை

கோச்கோர் என்ற சிற்றூரிலிருந்து கல்மாக் அசூ என்ற கணவாய் வழியாக ஏரிக்கு ஒரு பாதை உண்டு. அந்தக் கணவாயின் உயரம் சுமார் 3,450 மீட்டர். கோடையில் கார், லாரி போகும். கிசார்ட் என்ற கிராமத்திலிருந்து வேறொரு வழி இருக்கிறது. அது குதிரைக்கும் நடந்து போகிறவர்களுக்கும் ஏற்ற மலைப்பாதை. வெளிநாட்டு விருந்தாளிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் குதிரை ஏறுகிறார்கள். நடுவே ஒரு மேய்ச்சல் முகாமில் இரவு தங்கி, மறுநாள் கணவாயைக் கடந்தால் கீழே நீலப் பட்டு விரித்தது போல ஏரி தெரியும்.

கிர்கிஸ் குதிரை பார்வைக்குக் கம்பீரமானது அல்ல. குள்ளமானது. நாலரை அடி உயரம் இருந்தால் அதிகம். மார்பு அகன்றது. கால் குட்டை. குளம்பு கல்லைப் போலக் கெட்டி.

ஆனால் அதன் வேலையைப் பார்க்க வேண்டும்! ஒற்றையடிப் பாதையில், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் என்று இருந்தாலும் தடுமாறாது. ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து வைக்கும். கொள்ளு, பருப்பு என்று எதையும் கேட்காது. புல்லைத் தின்றே மலை ஏறும்.

பனிக்காலத்திலும் இந்தக் குதிரை சும்மா இருப்பதில்லை. பனி மூடிய நிலத்தை முன்னங்காலால் சுரண்டிச் சுரண்டி அடியில் இருக்கும் காய்ந்த புல்லை வெளியே கொண்டு வந்து மேயும். ஆட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. குதிரை சுரண்டிய இடத்தில் பின்னால் வந்து மிச்சத்தை மேய்ந்து ஆடு உயிர் பிழைக்கும். குதிரை மனிதனை மட்டும் அல்ல, ஆட்டையும் காப்பாற்றுகிறது!

சோவியத் காலத்தில், "இந்தக் குள்ளக் குதிரை போதாது" என்று சொல்லி, ரஷியாவின் தோன் குதிரைகளையும் இங்கிலாந்துப் பந்தயக் குதிரைகளையும் கொண்டு வந்து இனம் கலந்தார்கள். உயரமான புது இனம் பிறந்தது. ஆனாலும் மலை மேல் முகாம் போடும் குடும்பங்கள் பழைய குள்ளக் குதிரையைக் கைவிடவில்லை. அழகு வேறு, பிழைப்பு வேறு அல்லவா?

"குதிரைதான் மனிதனின் இறக்கை" என்று கிர்கிஸ் பழமொழி ஒன்று உண்டு. அந்த மலையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

மூட்டை கட்டக் கூடிய வீடு

குதிரை மேல் வீட்டை ஏற்றிக் கொண்டு போக முடியுமா? முடியும்! கிர்கிஸ் மக்களின் வீடு அப்படிப்பட்டது.

வெளிநாட்டார் அதை "யூர்ட்" என்கிறார்கள். கிர்கிஸ் மக்கள் "போஸ் ஊய்" என்கிறார்கள். "சாம்பல் நிற வீடு" என்று பொருள். அதில் ஆணி கிடையாது. செங்கல் கிடையாது.

முதலில் மரச் சட்டங்களைப் பின்னிய சுவரை வட்டமாக நிறுத்துகிறார்கள். அதை விரிக்கலாம், சுருக்கலாம். அதன் மேல் வளைந்த கம்புகளைச் சாய்த்து நிறுத்துகிறார்கள். எல்லாக் கம்புகளின் நுனியும் உச்சியில் உள்ள ஒரு மர வளையத்தில் போய்ச் செருகிக் கொள்ளும். அந்த வளையத்தின் பெயர் "துண்டுக்". அதுதான் புகைபோக்கி, அதுதான் ஜன்னல், அதுதான் கடிகாரம். அதன் வழியே விழும் வெயில் சுவரில் எங்கே இருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்லி விடுவார்கள்!

எலும்புக்கூடு தயாரானதும் அதன் மேல் கனத்த கம்பளி போர்த்துகிறார்கள். ஆட்டு ரோமத்தை அடித்து, நாணல் பாய் மேல் பரப்பி, சுடுநீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டி இறுக்குவார்கள். நெய்யாமலே கெட்டியான கம்பளி கிடைத்து விடும். மழை ஒழுகாது. காற்று நுழையாது.

உள்ளே நுழைந்தால் இடப் பக்கம் ஆண்கள் பக்கம். சேணம், கடிவாளம், சவுக்கு எல்லாம் அங்கே தொங்கும். வலப் பக்கம் பெண்கள் பக்கம். பால் பாத்திரம், மாவு, அடுப்புச் சாமான்கள் அங்கே. வாசலுக்கு நேர் எதிரே மெத்தைகள் அடுக்கி இருக்கும். அந்த இடம் வயதில் பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் உரியது.

இந்த வீட்டின் உச்சி வளையத்துக்கு எவ்வளவு மதிப்புத் தெரியுமா? கிர்கிஸ்தான் நாட்டின் தேசியக் கொடியின் நடுவே உள்ள சூரியனுக்குள் இருப்பது அந்த வளையம்தான்! சூரியனுக்கு 40 கதிர்கள். அவை பழைய 40 குலங்களைக் குறிக்கின்றன. கிர்கிஸ், கஜக் மக்களின் இந்த வீடு கட்டும் கலையை 2014-ம் ஆண்டு ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

குட்டிக்கு முதலில், குடத்துக்குப் பிறகு!

விடிந்ததும் முகாமில் பெண்களுக்கு முதல் வேலை பால் கறப்பது. பசுவிலும் கறக்கிறார்கள். குதிரையிலும் கறக்கிறார்கள்!

ஆமாம், குதிரைப் பால்தான் அந்த மக்களின் கோடை கால விருந்து. ஆனால் கறப்பது எளிது அல்ல. குதிரையின் மடி சிறியது. அதிகப் பால் தங்காது. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை கறக்க வேண்டும்.

தரையை ஒட்டி ஒரு நீளக் கயிறு கட்டி இருப்பார்கள். அதில் குதிரைக் குட்டிகளை வரிசையாகக் கட்டி வைப்பார்கள். குட்டி அங்கே நிற்பதால் தாய்க் குதிரை வெகு தூரம் போகாது. நேரம் வந்ததும் குட்டியை அவிழ்த்துத் தாயிடம் விடுகிறார்கள். குட்டி ஊட்டியதும் தாய்க்குப் பால் சுரக்கும். உடனே குட்டியைச் சற்று விலக்கி, தாயின் கண்ணில் படும்படி பக்கத்திலேயே நிறுத்திக் கொண்டு கறக்கிறார்கள். இரவில் குட்டிகளை அவிழ்த்து விட்டு விடுவார்கள். விடியும் வரை பால் முழுவதும் குட்டிக்குத்தான்.

இந்தப் பழக்கம் நேற்று வந்தது அல்ல. 1253-ம் ஆண்டு வில்லியம் ருப்ரக் என்ற பாதிரியார் பிரான்ஸ் மன்னரின் கடிதத்தோடு மங்கோலியர்களின் நாட்டுக்குப் போனார். வழியில் கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். கயிற்றில் குட்டிகளைக் கட்டித் தாய்க் குதிரையைக் கறப்பதையும் அவர் எழுதி இருக்கிறார். 770 ஆண்டு ஆகியும் முறை மாறவில்லை!

கறந்த பாலை அப்படியே குடிப்பதில்லை. பச்சைப் பால் வயிற்றை இளக்கி விடும். புகை காட்டிய தோல் பையிலோ மரப் பீப்பாயிலோ ஊற்றி, பழைய பானத்தில் கொஞ்சம் உறை ஊற்றி, மத்தால் கடைகிறார்கள். பால் புளித்து நுரைக்கிறது. லேசான போதையும் ஏறுகிறது. இதுதான் "குமிஸ்". முதல் தடவை குடிப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். மூன்றாம் நாள் தாங்களே கிண்ணத்தை நீட்டுவார்கள்.

குமிஸ் கடையும் அந்த மத்துக்குக் கிர்கிஸ் மொழியில் என்ன பெயர் தெரியுமா? "பிஷ்கேக்"! அந்த நாட்டுத் தலைநகரின் பெயரும் பிஷ்கேக்தான். மத்தின் பெயரிலிருந்தே நகரத்துக்குப் பெயர் வந்தது என்று அந்த மக்கள் கதை சொல்கிறார்கள்.

வறட்டி அடுப்பும் ராத்திரிக் காவலும்

ஏரிக்கரையில் மரம் இல்லை என்று பார்த்தோம். பிறகு அடுப்பு எரிவது எப்படி? சாணத்தில்தான்! ஆட்டுச் சாணத்தையும் மாட்டுச் சாணத்தையும் காய வைத்து வறட்டியாக்கி அடுக்கி வைக்கிறார்கள். வீட்டு நடுவே உள்ள இரும்பு அடுப்பில் அதுதான் எரிகிறது. ரொட்டி வேகிறது. தேநீர் கொதிக்கிறது.

ரொட்டிக்கு அங்கே பெரிய மரியாதை. ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைக்கக் கூடாது. தரையில் போடக் கூடாது. போட்டால் பாட்டிமார் கோபித்துக் கொள்வார்கள்.

மிஞ்சிய பாலும் வீண் போவதில்லை. பாலாடை எடுக்கிறார்கள். வெண்ணெய் கடைகிறார்கள். தயிரை வடிகட்டி, உப்புச் சேர்த்து, சிறு உருண்டைகளாக உருட்டி வெயிலில் காய வைக்கிறார்கள். அதற்கு "குருத்" என்று பெயர். கல் போல இருக்கும். மாதக் கணக்கில் கெடாது. குதிரைப் பயணத்தில் பையில் போட்டுக் கொண்டு போகலாம்.

பகல் முழுவதும் ஓடிய குதிரையைச் சேணம் கழற்றியவுடன் மேயவோ தண்ணீர் குடிக்கவோ விடுவதில்லை. முதலில் கட்டி வைத்து வேர்வை ஆற விடுகிறார்கள். உடம்பு ஆறிய பிறகுதான் புல்லும் தண்ணீரும். தன் வயிற்றுக்கு முன் குதிரையைக் கவனிக்காதவனை அந்த மக்கள் சவாரிக்காரன் என்றே ஒப்புக் கொள்வதில்லை.

இரவில் சவாரிக் குதிரையின் கால்களைத் தளையால் பிணைத்து விடுகிறார்கள். மெதுவாகத் தத்தி மேயலாம். ஆனால் ஓட முடியாது. சில குதிரைகளை நீளக் கயிற்றில் முளை அடித்துக் கட்டுகிறார்கள். கயிறு எட்டும் வட்டத்தில் புல் தீர்ந்ததும் முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பார்கள்.

மலையில் ஓநாய் உண்டு. ஆட்டுப் பட்டிக்கு நாய்கள் காவல். குதிரைக் கூட்டத்துக்குப் பொலிகுதிரை காவல். அது தன் பெட்டைகளையும் குட்டிகளையும் ஒன்றாக வளைத்துக் கொண்டு நிற்கும். ஓநாய் கிட்ட வந்தால் உதைதான்!

புழுதி பறக்கும் பந்தயம்

அந்தப் பிள்ளைகள் நன்றாக நடக்கப் பழகுவதற்கு முன்பே குதிரை மேல் உட்கார்ந்து விடுகிறார்கள். ஐந்து, ஆறு வயதுப் பையன் தனியாகச் சவாரி செய்து மந்தையைத் திருப்பிக் கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

வேலை ஓய்ந்த நாளில் போட்டிகள் நடக்கும். ஓடும் குதிரையிலிருந்து சாய்ந்து தரையில் கிடக்கும் நாணயத்தைப் பொறுக்க வேண்டும். அது ஒரு விளையாட்டு. இன்னொன்றில் பெண் குதிரையில் முன்னே பறப்பாள். இளைஞன் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் திரும்பி வரும்போது அவள் துரத்துவாள். அவனுக்குச் சவுக்கடி! கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும்.

எல்லாவற்றிலும் முரட்டு விளையாட்டு "கோக்-போரு". இரண்டு குதிரைக் கோஷ்டிகள், தலை நீக்கிய ஆட்டின் உடலைப் பந்து போலப் பறித்துக் கொண்டு போய்க் குழியில் போட வேண்டும். 2017-ம் ஆண்டு யுனெஸ்கோ இதையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2014-ம் ஆண்டு கிர்கிஸ்தானின் இசிக்குல் ஏரிக்கரையில் உலக நாடோடி விளையாட்டு விழா முதன்முதலாக நடந்தது. 2016, 2018 ஆண்டுகளிலும் அங்கேயே நடந்தது.

ஆடு போனது, விருந்தாளி வந்தார்!

சிரிப்பும் பந்தயமும் நிறைந்த இந்த முகாமுக்கு ஒரு சமயம் பெரிய ஆபத்து வந்தது.

சோவியத் காலத்தில் மந்தைகள் கூட்டுப் பண்ணைகளுக்குச் சொந்தம். மேய்ப்பவருக்குச் சம்பளம் உண்டு. சாமான் ஏற்ற லாரி வரும். வைத்தியர் வருவார். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. ஆடுகள் குடும்பங்களுக்குப் பங்கு போடப்பட்டன. ஆனால் சம்பளம் நின்றது. லாரிக்குப் பெட்ரோல் இல்லை. ரோமத்தை வாங்க ஆள் இல்லை.

மக்கள் என்ன செய்வார்கள்? மாவு வாங்க ஆட்டை விற்றார்கள். குழந்தைக்குத் துணி வாங்க ஆட்டை விற்றார்கள். 1990-ல் நாட்டில் செம்மறி ஆடும் வெள்ளாடும் சேர்ந்து சுமார் 1 கோடி இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் கீழே போய் விட்டன!

ஆடு இல்லாதவன் மலைக்குப் போய் என்ன செய்வான்? பல குடும்பங்கள் மேலே ஏறுவதையே நிறுத்தின. மிச்சம் இருந்த ஐந்து, பத்து ஆடுகளை ஊர்ப் பக்கத்திலேயே மேய்த்தன.

அப்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. மலையில் வீடு இருக்கிறது. ஏறிப் போகக் குதிரை இருக்கிறது. இந்த ஏரியைப் பார்க்க ஆசைப்படும் வெளிநாட்டார் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்து வைத்தால் என்ன? 2000-ம் ஆண்டை ஒட்டி, சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு கோச்கோர் மக்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கம் விருந்தாளிகளை மேய்ச்சல் குடும்பங்களிடம் அனுப்பியது. வழிகாட்டிக்குக் கூலி. குதிரைக்கு வாடகை. தங்க வைக்கும் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் காசு.

பெண்களின் கையில் முதல் தடவையாகத் தனிப் பணம் புரண்டது. அந்தப் பணத்தில் மறுபடி ஆடு வாங்கினார்கள். குதிரை வாங்கினார்கள். குதிரைகளின் கணக்கைப் பாருங்கள். 1990-ல் நாடு முழுவதும் சுமார் 3 லட்சம் குதிரைகள். இப்போது 5 லட்சத்துக்கு மேல்!

மிதித்தால் புல் தாங்குமா?

குதிரை பெருகியது நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல்.

1990-களில் மேலே ஏற வழியில்லாமல் எல்லோரும் ஊர்ப் பக்கத்திலேயே மேய்த்தார்கள் அல்லவா? அதனால் ஊரைச் சுற்றி நிலம் வழுக்கையானது. அதே சமயம் தூரத்து மலைகளில் புல் மேய்வார் இல்லாமல் கிடந்தது. தூரம் போனால்தான் நிலம் பிழைக்கும் என்று மக்கள் பட்டுத் தெரிந்து கொண்டார்கள்.

இப்போது கார் ஓடும் பாதையை ஒட்டியுள்ள ஏரிக்கரையில் நெருக்கடி. ஆடு, மாடு, குதிரை, விருந்தாளி எல்லோரும் ஒரே கரைக்கு வந்தால் என்ன ஆகும்? ஈரப் புல்லைக் குளம்பு மிதித்துச் சேறாக்கும். காரின் சக்கரம் போன தடம் ஆண்டுக் கணக்கில் ஆறாது. அந்தக் குளிரில் புல் வளரும் காலமே மூன்று மாதம்தானே!

ஏரி ஆழம் இல்லாதது என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ஆழம் குறைந்த ஏரியில் சாணமும் குப்பையும் சேர்ந்தால் தண்ணீர் சீக்கிரம் கெடும். வெளியூரிலிருந்து வந்து இறங்கும் நீர்ப் பறவைகளுக்கும் இந்த ஏரி தங்குமிடம். 2011-ம் ஆண்டு இது ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்று பதிவு செய்யப்பட்டது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2009-ம் ஆண்டு மேய்ச்சல் நிலச் சட்டம் கொண்டு வந்தது. நிலம் அரசுக்குச் சொந்தம். ஆனால் யார், எங்கே, எத்தனை தலை மேய்ப்பது என்பதை அந்தந்த ஊர் மக்களே குழு அமைத்து முடிவு செய்யலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தப் பணத்தில் பாலமும் பாதையும் பழுது பார்க்கலாம்.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டானிடம், "உன் குதிரையைக் குறை" என்று யார் சொல்வது? அதுதான் இன்று அந்த மலைக் குடும்பங்களின் முன்னே நிற்கும் கேள்வி. குதிரை குறைந்தால் வருமானம் போகும். குதிரை மிஞ்சினால் புல் போகும். புல் போனால் குதிரை, ஆடு, விருந்தாளி மூன்றும் போகும்!

விருந்தாளி செய்ய வேண்டியது

ஏரிக்கரையில் குதிரையோடு தங்குகிறவர்களுக்குச் சில வழக்கங்கள் உண்டு. உலகத்தில் எந்த ஏரிக்கரைக்கும் இவை பொருந்தும்.

குதிரையைத் தண்ணீர் ஓரத்தில் கட்டக் கூடாது. தண்ணீர் காட்டிவிட்டு மேட்டுக்கு அழைத்து வந்து விட வேண்டும்.

ஒரே இடத்தில் நாள் கணக்கில் முளை அடித்துக் கட்டக் கூடாது. இடம் மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும்.

கக்கூசும் குப்பைக் குழியும் ஏரியை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். மலையில் மக்காத குப்பையைக் கீழே எடுத்துக் கொண்டு போய்விட வேண்டும். ஏற்றி வந்த குதிரை, காலி டப்பாவையும் சுமந்து இறங்காதா என்ன?

செங்குத்தான இறக்கத்தில் குதிரையை விட்டு இறங்கி நடக்க வேண்டும். குதிரைக்கும் முதுகு உண்டு!

பழைய கிர்கிஸ் குடும்பங்களில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தாத்தா செய்தார், அப்பா செய்தார், பிள்ளை செய்கிறான்.

செப்டம்பரில் முதல் பனி விழுந்ததும் கம்பளியை உருவுகிறார்கள். கம்புகளைக் கழற்றுகிறார்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் வீடு மூட்டையாகி விடுகிறது. சேணம் இறுக்கி, மந்தையை ஓட்டிக் கொண்டு கணவாயை நோக்கி நடக்கிறார்கள்.

வீடு நின்ற இடத்தில் வெளுத்த புல் வட்டம் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். அதன் மேல் பனி மூடும். அடுத்த ஜூனுக்குள் அந்த வட்டம் மறுபடி பச்சையாகி விட்டால், ஊர் திரும்பி வரும்.